கோடை லீவு: 5 வயசு, 2 வயசு ரெண்டு பேர், காலை 10 முதல் மாலை 4 வரை வீட்டுக்குள். எதை எப்போ வைக்கிறது?

இரட்டைவால் கேட்டது:

வணக்கம். பெரியவனுக்கு 5 வயசு, சின்னவளுக்கு இரண்டேகால். பள்ளி திறக்க இன்னும் 6 வாரம் இருக்கு. காலை 10 மணிக்கு மேல வெளியே விட முடியாத வெயில். வீட்டில் ஒருத்தருக்கு இங்கிருந்தே ஆபீஸ் வேலை, பகலில் ஒரு மணி நேரமாவது யாரும் கதவைத் தட்டாம இருக்கணும்.

விளையாட்டு யோசனைக்குப் பஞ்சமில்லை, தேடினா நூறு வருது. எதை எந்த நேரத்துல வைக்கிறதுன்னுதான் பிடிபடலை. 11 மணிக்கே எல்லாம் தீர்ந்துபோய் ரெண்டும் டிவி முன்னாடி நிக்குது.

கூடவே சில சில்லறைக் கேள்விகள். வீட்டுல செய்யுற விளையாட்டு மாவு மறுநாளே கையில ஒட்டுது, ஏன்? சோப்புக் குமிழி ஊதின உடனே உடையுது, தப்பு கலவையிலயா வெயில்லயா? சின்னவளுக்குக் கழுத்திலயும் முதுகிலயும் வேர்க்குரு, பவுடர் போடலாமா? இவ்வளவு வேர்க்குதேன்னு தினமும் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாமா? அவள் சாயங்காலம் 4 மணிக்குத் தூங்கப்போய், ராத்திரி 11 வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கா. பகல் தூக்கத்தை நிறுத்திடலாமா?

மணல்வீடு:

11 மணிக்கே தீர்ந்துபோகுதுன்னா விளையாட்டு குறைவுன்னு அர்த்தம் இல்லை, வரிசை தப்பு. புதுசா எதுவும் சேர்க்காதீங்க. இருக்கிறதையே இடம் மாத்துங்க.

முதல்ல ஓட்டம். காலை எழுந்ததுல இருந்து 9 மணி வரைக்கும் உள்ள நேரம்தான் கோடையில விலை மதிப்பானது, அதைத்தான் எல்லா வீட்டிலயும் டிவிக்கும் மெதுவான சாப்பாட்டுக்கும் கொடுத்துடறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்குப்படி 1 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும், 3 வயசுக்கு மேல அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்குற அளவுக்கு இருக்கணும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாதியை முடிச்சாத்தான் மீதி நாள் வீட்டுக்குள்ள ஓடும். எழுந்த அரை மணியில வாசல்ல இருங்க, சாப்பாடு திரும்பி வந்து.

9லருந்து பத்தரை வரைக்கும் உட்கார்ந்து செய்யுற வேலை: கட்டை அடுக்குறது, மாவு, வரையறது. ஓடி முடிச்ச உடம்பு அப்பத்தான் உட்காரும். அதையும் ரெண்டா உடைச்சு வைங்க. ரெண்டு வயசு ஒரே பொருள்ல 5, 6 நிமிஷம் நின்னாலே பெரிசு, அதுக்காகத் திட்ட வேண்டாம்.

பத்தே முக்காலுக்குத் தண்ணி. இதுதான் நாளோட அச்சாணி. தண்ணி, குளியல், சாப்பாடு, தூக்கம், இந்த நாலும் இடைவெளி இல்லாம ஒண்ணு பின்னால ஒண்ணு வரணும். சாயங்காலம் தண்ணியில விட்டா ரெண்டாவது குளியல், ரெண்டாவது துணி. பெயின்ட், மண்ணு எல்லா அழுக்கு விளையாட்டையும் இந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தள்ளிட்டா ஒரே குளியல்ல முடிஞ்சுடும். உடம்பும் குளிர்ந்து தூக்கம் தானா வரும்.

தண்ணிக்குப் பெரிய ரப்பர் குளம் தேவையில்லை. குளியலறைத் தரையில ரெண்டு அகலப் பாத்திரம், ஒண்ணுல மட்டும் தண்ணி. ஒரு ஸ்பாஞ்ச் கொடுத்து இதுலருந்து அதுக்குப் பிழிஞ்சு மாத்தச் சொல்லுங்க. சின்னவளுக்கு அதுலயே நேரம் போகும், விரலுக்கும் பலம். பெரியவனுக்கு ஒரு ஜாடி, மூணு அளவுல டம்ளர்: எது எத்தனை தடவை ஊத்தினா நிறையும்னு முதல்ல ஊகம் சொல்லணும், பிறகு ஊத்திப் பார்க்கணும். இன்னொண்ணு, சுவர் அடிக்கிற பழைய பிரஷ், ஒரு கிண்ணம் தண்ணி, நிழல்ல இருக்கிற வெளிச்சுவர். எழுதினது காய்ஞ்சு மறையும், திரும்ப எழுதுவாங்க. துடைக்கிற வேலையே கிடையாது.

தண்ணி இருக்கிற இடத்துல விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம்: கை எட்டுற தூரத்துல பெரியவங்க ஒருத்தர், போன் இல்லாம. 5 செ.மீ. தண்ணியிலயே சின்னக் குழந்தை மூழ்க முடியும். அப்போ சத்தமும் வராது. கத்துவா, கை காலை அடிப்பான்னு காத்திருக்காதீங்க. ரெண்டு வயசுக்குத் தலை கனம் அதிகம், வாளிக்குள்ள குனிஞ்சு விழுந்தா தானா எழுந்திருக்க முடியாது. முடிஞ்ச உடனே கொட்டிக் கவிழ்த்து வைங்க. மணி அடிச்சா குழந்தையையும் தூக்கிக்கிட்டுத்தான் கதவைத் திறக்கணும். அஞ்சு வயசுப் பையனைத் தங்கச்சிக்குக் காவல் வைக்காதீங்க.

வெயில்ல கிடக்கிற ஹோஸ் பைப்புல முதல்ல வர்ற தண்ணி தோலைச் சுடும் அளவுக்குச் சூடா இருக்கும். கொஞ்ச நேரம் தரையில ஓட விட்டு, உங்க கையில பிடிச்சுப் பார்த்துட்டுக் கொடுங்க.

தூக்கத்தை நிறுத்தாதீங்க. 2 வயசுக்கு ராத்திரி பகல் சேர்த்து 11லருந்து 14 மணி நேரம் வேணும். 4 மணித் தூக்கத்துக்குக் காரணம் தாமதமா எழுந்திருக்கிறது. முதல்ல காலை 6.30க்கு எழுப்புங்க, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும். எழுந்து அஞ்சரை, ஆறு மணி நேரத்துல அந்த வயசு அடுத்த தூக்கத்துக்குத் தயார், அப்போ பன்னிரண்டரைக்குப் படுக்கை. 3 மணிக்கு மேல தூங்க விடாதீங்க. முதல் சில நாள் சாயங்காலம் சிணுங்கல் இருக்கும், தாங்கிக்கணும். வேலை செய்யுறவருக்கான ஒரு மணி நேரமும் இங்கதான் கிடைக்கும், அதைப் பிறகு எழுதுறேன்.

குமிழிக்காரர்:

மாவுக்கும் குமிழிக்கும் மட்டும் பதில்.

மாவு ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதை வேகவைக்காததுதான். பச்சை மாவில் ஸ்டார்ச் தண்ணீரைப் பிடித்து வைக்காது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மறுநாள் பிசுபிசுப்பு.

அளவு: மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, க்ரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யப் போடும் புளிப்புத் தூள்) 2 தேக்கரண்டி. அது கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு 4 தேக்கரண்டி விட்டு, அதே அளவு தண்ணீரைக் குறைக்கவும். எல்லாவற்றையும் அடுப்பில் வைப்பதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். சிறு தீயில் அடி கனமான பாத்திரத்தில் கைவிடாமல் கிளறினால் 4, 5 நிமிடத்தில் திரண்டு பாத்திரத்தை விட்டு வரும். திரண்டதும் இறக்கிவிடாதீர்கள். நடுவில் கிள்ளிப் பார்த்தால் வெள்ளையாகப் பச்சை மாவு தெரியக் கூடாது. இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் 3 நிமிடம் பிசையவும். பாதிப் பேர் பிசையும் வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். முழுக்க ஆறிய பிறகே மூடி போட்ட டப்பா. சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து மாவில் சொட்டும், பூஞ்சை வரும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

பிறகு ஒட்டினால் அரைக் கரண்டி மாவு தூவிப் பிசையுங்கள், உடைந்து உதிர்ந்தால் சில துளித் தண்ணீர். கல் உப்பு வேண்டாம், கரையாமல் கையை உறுத்தும். இதில் உப்பு மிக அதிகம். இரண்டு வயதுக்காரி வாயில் வைப்பாள். நாக்கில் பட்டதும் துப்பினால் கவலையில்லை, உருண்டை உருண்டையாக விழுங்க விடக் கூடாது. நாய் வளர்த்தால் அதற்கு எட்டவே கூடாது.

குமிழி: கலவை, வெயில் இரண்டுமே. தண்ணீர் 1 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் 100 மி.லி., கிளிசரின் 2 மேசைக்கரண்டி. நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி ஒரு ராத்திரி மூடி வைக்கவும். மேலே நுரை நின்றால் கரண்டியால் எடுத்துவிடுங்கள், நுரை இருக்கும் கலவையில் பெரிய குமிழி நிற்காது. கிளிசரின் வேலை, குமிழியின் தோலில் உள்ள தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்ப்பது. காய்ந்த காற்றிலும் வெயிலிலும் அதையும் மீறி ஆவியாகும், உச்சிப் பகலில் எந்தக் கலவையும் தோற்கும். காலையில் தரை ஈரமாக இருக்கும்போதோ இருட்டுவதற்கு முன்போ ஊதுங்கள். கையையும் வளையத்தையும் முதலில் கலவையில் நனைக்க வேண்டும், உலர்ந்த பொருள் தொட்டால் குமிழி உடையும்.

பெரிய குமிழிக்கு இரண்டு குச்சி, நடுவே தண்ணீர் உறிஞ்சும் பருத்தி நூலில் ஒரு வளையம். நைலான் நூல் கலவையைப் பிடிக்காது. டைல்ஸ் தரையில் ஊதாதீர்கள், சோப்பு படிந்த தரையில் இரண்டு பேருமே வழுக்கி விழுவார்கள்.

சோளமாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு) விளையாட்டும் உங்கள் நூறில் இருக்கும்: சோளமாவு 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. அடித்தால் கெட்டி, விட்டால் ஓடும். ஐந்து வயதுக்கு மிகவும் பிடிக்கும். முடிந்ததும் சிங்க்கில் மட்டும் கொட்டாதீர்கள், குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். தட்டில் காயவிட்டால் பொடியாகும், சுரண்டிக் குப்பையில் போடலாம்.

வெள்ளைக்கோட்டு:

குழந்தைகள் வார்டு செவிலியராகச் சொல்கிறேன்.

உப்பு சர்க்கரைக் கரைசல் தினசரி பானம் அல்ல. வயிற்றுப்போக்கு, வாந்தியில் இழந்ததை ஈடுகட்டத்தான் அது. நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு வேர்வையில் போகும் உப்பு சாப்பாட்டிலேயே திரும்பிவிடும்; தேவை தண்ணீர்தான். 1 முதல் 3 வயது வரை பால் உட்பட நாளுக்குச் சுமார் 1 லிட்டர், 4 முதல் 8 வயது வரை சுமார் 1.2 லிட்டர் என்பது பொதுவான அளவு. வெயில் நாளில் கூடும். விளையாட்டுக்கு நடுவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே நீட்டுங்கள், தாகம் என்று அவர்கள் சொல்லக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார்கள். 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, வாய் உலர்ந்து துவண்டிருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். படிப்பவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் கவனிக்க: 6 மாதம் வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது, பால்தான் அடிக்கடி.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் சுத்தமான நீரில் கரையுங்கள். பாதிப் பாக்கெட், கண்ணளவுத் தண்ணீர் என்பதெல்லாம் ஆபத்து. பாக்கெட் இல்லாதபோது 1 லிட்டருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் உடம்புக்குக் கேடு, சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். 2 வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. 24 மணி நேரம் கழிந்தால் மீதியைக் கொட்டிவிடவும்.

வேர்க்குருவுக்குப் பவுடர் வேண்டாம். வேர்வைக் குழாயின் வாய் அடைபட்டதால் வருவது அது. அதன் மேல் பவுடர் போட்டால் வேர்வையோடு கலந்து கழுத்து மடிப்பில் களிம்பாகப் படியும். தூள் மூச்சிலும் போகும். கெட்டியான எண்ணெய்க் களிம்பும் அடைக்கவே செய்யும். குளிர்ந்த நீரில் குளிக்கவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்பில் காற்றுப் படும்படி தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். சீழ் கட்டினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ காட்ட வேண்டும்.

வெயில் தாக்கத்தில் இரண்டு நிலை உண்டு. தலைவலி, குமட்டல், சோர்வு, நிறைய வேர்வை என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து, துணியைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து, ஈரத் துணியால் துடைத்தால் அரை மணியில் தெளிய வேண்டும். தெளியாவிட்டாலும், உடல் சூடு 40 டிகிரி செல்சியஸுக்குப் போய் உளறல், மயக்கம், வலிப்பு வந்தாலும் அவசர சிகிச்சை. ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மாடிவீடு:

வீட்டைக் குளிர வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் கொடுப்பது மேல். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டால் சூடு அறைக்குள்தான். வெளியே உள்ளதைவிட உள்ளே சூடு குறைவாக இருக்கும்வரை ஜன்னல் மூடியிருக்கட்டும், ராத்திரி எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஈரத் துணி தொங்கவிடும் வித்தை காய்ந்த காற்றில் மட்டும்தான் பலிக்கும். புழுக்கமான ஊரில் அறை இன்னும் கசகசக்கும். அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் சூட்டைத்தான் அள்ளி வீசும். ஏசி இருந்தால் 27-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள், போதும்.

ஜன்னல் திறக்கிற வீட்டில் கட்டில், நாற்காலி எதுவும் ஜன்னல் பக்கமோ பால்கனிக் கைப்பிடி பக்கமோ இருக்கக் கூடாது. கொசுவலைச் சட்டம் குழந்தையைத் தாங்காது. கம்பி இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் வலை அடித்துவிடுங்கள்.

இரட்டைவால்:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு. பொம்மையை ஐஸ்ல உறைய வச்சு உடைச்செடுக்கிற விளையாட்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாமா? வேகமா உருக உப்பு தூவச் சொல்லி ஒரு வீடியோவுல பார்த்தோம். அப்புறம் மணல்வீடு சொன்ன அந்த ஒரு மணி நேரம் எப்படின்னு எழுதுங்க.

வெள்ளைக்கோட்டு:

ஐஸ் சரி, உப்பு வேண்டாம். உப்பும் ஐஸும் சேர்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே, அதிகபட்சம் மைனஸ் 21 டிகிரி வரை போகும். அதைக் கையில் பிடித்திருந்தால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும், மரத்துப் போவதால் குழந்தைக்கு உடனே வலி தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு கரண்டியும் கொடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேல்பக்கம் பளபளவென்று நனையும் வரை, 5, 10 நிமிடம் வெளியே வையுங்கள். மேல்பக்கம் நனையாத ஐஸ் விரலிலும் நாக்கிலும் ஒட்டும்.

உள்ளே வைக்கும் பொம்மை சின்னவளின் அளவுக்குத்தான். 3 வயதுக்குக் கீழே, அகலம் 3.2 செ.மீ.க்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். உருண்டை என்றால் 4.5 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர் பலூன் உடைந்த துண்டுகளை உடனே பொறுக்குங்கள். தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைக்கும். பொத்தான் பேட்டரி போட்ட பொம்மைகளின் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

மணல்வீடு:

சின்னவள் தூங்குற நேரம்தான் அந்த மணி நேரம். பெரியவன் தூங்க வேண்டாம், தனியா அமைதியா இருந்தா போதும். முதல் நாளே 45 நிமிஷம் கேட்டா நடக்காது. 10 நிமிஷத்துல ஆரம்பிங்க, ரெண்டு மூணு நாளுக்கு ஒருமுறை 5 நிமிஷம் கூட்டுங்க. மணி பார்க்கத் தெரியாத வயசு, அதனால நேரம் குறையுறது கண்ணுக்குத் தெரியுற மாதிரி மணல் கடிகாரமோ டைமரோ வேணும். பாத்ரூம், தண்ணி, "எனக்கு அது எட்டலை" எல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தீர்த்துடுங்க. டைமர் அடிச்சதும் சொன்னபடி நீங்க கதவைத் திறந்து வரணும். ஒருநாள் அஞ்சு நிமிஷம் இழுத்தா மறுநாள் நம்ப மாட்டான்.

அந்த நேரத்துக்குன்னு ஒரு பெட்டி. சின்னவள் கையில கிடைக்கக் கூடாததெல்லாம் அதுல: குட்டிக் கட்டை, மணி கோர்க்கிறது, மொட்டை முனைக் கத்தரிக்கோல், ஸ்டிக்கர். அவள் தூங்கினா மட்டும் வெளியே வரும், எழுந்திரிக்கிறதுக்குள்ள எண்ணி உள்ளே போகும். தங்கச்சி கெடுக்காத விளையாட்டு கிடைக்குதுன்னே அவன் காத்திருப்பான். மத்த பொம்மையை மூணு மூட்டையா கட்டி, ரெண்டைக் கண்ணுல படாம வச்சுடுங்க. வாரம் ஒரு மூட்டை மாத்தினா பழசே புதுசாகும்.

டிவிக்கு ஒரே இடம், அவள் எழுந்து பால் குடிச்சு முடிச்ச பிறகு, வெயில் இறங்குறதுக்கு முன்னாடி. 2லருந்து 4 வயசுக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எத்தனை கதைன்னு போடறதுக்கு முன்னாடியே பேசி வைங்க, தானா அடுத்தது ஓடுற வசதியை செட்டிங்ஸ்ல அணைச்சுடுங்க. கடைசிக் கதை ஓடும்போதே செருப்பை எடுத்து வாசல்ல வச்சிருங்க. அணைச்சதும் வெளியே கிளம்புற வேலை இருந்தா பாதி அழுகை குறையும். வெளியே விடுறதுக்கு முன்னாடி தரையில புறங்கையை 5 செகண்ட் வச்சுப் பாருங்க, உங்களுக்குச் சுட்டா இன்னும் அரை மணி போகட்டும்.